கோட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்ன கார்

என் மகள் கார் ஓட்டும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வரும். அங்கே பிரேக் கிடையாது என்று எனக்குத் தெரியும். கால் கேட்பதில்லை. "மிதிச்சு மிதிச்சு ஓட்டை போட்டுடாதம்மா, கீழ ரோடு தெரியப் போகுது" என்பாள். நானும் சிரிப்பேன். அடுத்த வளைவில் கால் மறுபடியும் அழுத்தும்.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் பயிர் வைக்கிறார். ஒரே மகள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வராது. விடிவதற்கு முன்னால் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று ஏற வேண்டும். கார் வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் பெரிய பஞ்சாயத்து நடந்தது. வாலாஜாபாத்தைத் தாண்டினால் கன்டெய்னர் லாரிகள்தான். அவற்றுக்கு நடுவில் அவள் தனியாக ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு வேலை ஓடாது. கடைசியில் நான்தான் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டு, அவரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். பாதுகாப்புக்கென்று இப்போது வருகிற எல்லா வசதியும் இருக்கிற காராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

கார் கடையில் டை கட்டிய பையன் விளக்கினான். முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கேமரா இருக்கிறது. அது ரோட்டில் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டே வரும். தூக்கக் கலக்கத்தில் வண்டி கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே உள்பக்கம் திருப்பும். முன்னால் ஆளோ வண்டியோ குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்கும். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் கத்தும்.

"அப்ப இவ எதுக்கு? வண்டிய மட்டும் வேலைக்கு அனுப்பிடலாமே" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓட்டறது இவங்கதான் சார். இது சும்மா ஒரு உதவிக்கு" என்றான் பையன்.

அவன் சொன்னதில் அந்தக் கடைசி வார்த்தைகள் என் காதில் ஏறவில்லை. அன்றைக்கு நான் நினைத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்னால் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போக முடியாது, இது உட்கார்ந்து போகும் என்று நினைத்தேன்.

எனக்கும் ஓட்டத் தெரியும். பழைய காரில் பழகி, ஸ்கூலுக்கும் கடைத்தெருவுக்கும் நானே ஓட்டியவள்தான். புது கார் வந்த கொஞ்ச நாளில் கடைத்தெருவில் ஒரு மாடு சட்டென்று குறுக்கே வந்தது. என் கால் போவதற்குள் கார் தானே பிரேக் பிடித்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் மடியிலிருந்த தக்காளிப் பை முழுக்கக் கீழே கொட்டியது. "மாட்டப் பாத்து நிக்குது பாரு. டீச்சர விட அறிவுதான்" என்று வீடு வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபமே வரவில்லை. இறங்கியதும் பானெட்டைத் தடவிக் கொடுத்தேன்.

மகளுக்கும் அதில் பிடித்தது உண்டு. காலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது கார் தானே இடைவெளி விட்டு நின்று நின்று போகும். கால் வலி இல்லை என்பாள். ஆனால் ஸ்டியரிங்கை இழுக்கிறது பாருங்கள், அதை மட்டும் அவளுக்கு ஆகவில்லை. "தூங்கறவள எழுப்பற மாதிரி கையப் புடிச்சு இழுக்குதும்மா. எதிர்ல ஒருத்தன் ராங் சைடுல பைக்ல வருவான். பள்ளம் இருக்கும். ஒரு ஆடு நிக்கும். ஒதுங்கித்தானே போவணும்? நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன்னு அதுக்கு எப்படிப் புரியவைக்கறது?"

"ஒரு நாள் நெஜமாவே தூங்கிட்டன்னா?"

"அதானே பாத்தேன். நீயும் அதுவும் கூட்டு."

அவள் வேடிக்கையாகச் சொன்னாள். எனக்கு உள்ளூர அது பிடித்திருந்தது. அவள் ஓட்டும்போது நான் சொல்ல நினைத்து விழுங்குவதையெல்லாம் அது 'பீப்' என்று சொல்லிவிடும். நான் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனிடம் கோபித்துக்கொள்ள முடியாது.

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் கீழே ஒரு பொத்தான். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த இழுக்கிற வேலை மட்டும் நின்றுவிடும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு கார் வரைந்த மாதிரி முன்னால் எரியும் சின்னப் பச்சை விளக்கும் அணையும். அணைத்தால் அணைந்தபடியே இருக்கும், யாராவது திரும்பப் போடுகிற வரைக்கும். மகள் அணைத்து வைத்தாள்.

காலையில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கொட்டகையிலிருந்து காரை எடுத்துத் தெருப் பக்கம் திருப்பி நிறுத்துவது என் வேலை. அப்படி நிறுத்தும்போது பொத்தானை அழுத்திப் போட்டுவிடுவேன். முதல் நாள் அவள் மறந்துபோய் அணைத்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அவள் ஏறி உட்கார்ந்ததும் பார்த்து அணைப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். ஒரே வீட்டில் ஒருத்தி ஜன்னலைத் திறப்பதும் இன்னொருத்தி சாத்துவதுமாகக் கொஞ்ச நாள் போயிற்று.

ஒரு நாள் அவள் சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கே வந்துவிட்டாள். "அம்மா, அதத் தொடாத. அது இருந்தா இருக்குதுன்னு நான் ஓட்டிக்குவேன். இல்லன்னா இல்லன்னு ஓட்டிக்குவேன். இருக்குதா இல்லையான்னு தெரியாம இருந்தாத்தான் வம்பு."

சரி என்றேன். நிஜமாகவே சில வாரம் தொடவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போனில் யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். எந்த ஊர் ரோடோ, ஒரு கார் லாரிக்கு அடியில் புகுந்து நசுங்கிக் கிடந்தது. ஓட்டினவர் கண் அசந்துவிட்டார் என்று எழுதியிருந்தது. மறுநாள் என் மூக்குக் கண்ணாடியை மாற்றுவதற்காக மகள் என்னைக் காஞ்சிபுரம் அழைத்துப் போவதாக இருந்தது. காலையில் காரைத் திருப்பி நிறுத்தினேன். விரல் தானாகப் போயிற்று என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி இல்லை. வாசலைப் பார்த்தேன். அவள் இன்னும் வரவில்லை. அழுத்தினேன்.

அவள் விளக்கைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நான் சரி என்று சொல்லியிருந்தேன்.

மாகறல் வழியாகப் போகிற ரோடு அது. பொங்கலுக்கு முன்னால்தான் புதிதாகத் தார் போட்டு, நடுவிலும் ஓரத்திலும் பளிச்சென்று வெள்ளைக் கோடு அடித்திருந்தார்கள். அதற்கு முன்னால் அந்த ரோட்டில் கோடு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. கேமராவும் பார்த்திருக்காது. கோடு தெரிந்து, வேகம் அறுபதைத் தாண்டினால்தான் அந்த இழுப்பு விழித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து ரோடுகளில் அது தூங்கிக்கொண்டேதான் வரும். அறுபதைத் தொடாத எனக்கு, நான் காலைதோறும் போட்டுவிட்டது என்ன செய்யும் என்று கையால் தெரியவே தெரியாது.

புது ரோடு யாருக்கு உதவியதோ இல்லையோ, நெல்லுக்கு உதவியது. அறுப்பு முடிந்தால் இங்கே பாதி ரோடு நெல்லுடையது. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுத் தார் கறுப்பாக, கல் இல்லாமல், நன்றாகச் சுடும். ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் கொட்டிப் பரப்பி, நடுக்கோட்டு ஓரமாகச் செங்கல்லும் முள் கிளையும் வரிசையாக வைத்துவிடுவார்கள். மீதிப் பாதியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். அதற்காக யாரும் சண்டை போடுவதில்லை. தூரத்தில் மஞ்சளாகத் தெரிந்ததுமே வலது பக்கம் ஒதுங்கிவிடுவோம். இண்டிகேட்டர் போடுகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. யாருக்குக் காட்டுவது, நெல்லுக்கா? அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் எங்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் ரோட்டில்தான் நெல்லைப் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

தூரத்தில் நெல் தெரிந்தது. எதிரே வண்டி இல்லை. மகள் வலது பக்கம் ஒதுங்கினாள். சக்கரம் நடுக்கோட்டைத் தொட்டதும் ஸ்டியரிங் அவள் கையில் இடது பக்கம் திரும்பியது. பெரிய இழுப்பு இல்லை. குழந்தை முந்தானையைப் பிடித்து இழுக்கிற அளவுதான். ஆனால் அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. "ஏய்" என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. கை ஒரு கணம் தளர்ந்தது. நான் வீறிட்டேன். செங்கல் டமடமவென்று அடியில் இடித்தது. இடது சக்கரங்கள் நெல் மேல் ஏறிவிட்டன.

நெல் மேல் எந்த பிரேக்கும் பிரேக் இல்லை. கார் பிடித்ததா, மகள் மிதித்தாளா, எனக்குத் தெரியாது. வண்டி எண்ணெய்யில் போவது போல வழுக்கிக்கொண்டே போனது. முன்னால் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஓரத்துப் பள்ளத்தில் குதித்தாள். கார் அவள் நின்றிருந்த இடத்தில் போய் நின்றது.

கார் அவள் மேல் படவில்லை. ஆனால் விழுந்தபோது கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

நான் முதலில் இறங்கினேன். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அந்தப் பெண்ணின் கொழுந்தனார் ஒருவர், லுங்கியை மடித்துக் கட்டியபடி முன்னால் வந்தார்.

"இன்னாம்மா, கண்ணு தெர்லயா? அம்மாம் ரோடு காலியா கீது, நெல்லு மேல ஏத்திக்கினு வர்றீங்க?"

நான் சொன்னேன், "ரோட்டுல நெல்லக் காயப் போட்டா இப்படித்தான் ஆகும்."

அடிபட்டவளைப் பார்ப்பதற்கு முன்னால் இதைச் சொன்னேன். எங்கள் நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் சொன்னேன். இன்னமும் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நடுவில் அந்த வாக்கியம் வந்து நிற்கும். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே நின்றுவிடுவேன்.

"ஏன், உங்க வூட்ல சோறு துன்றதில்லையா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"இல்ல... கார்... கார் தானா இழுத்துடுச்சு."

கொழுந்தனார் கையைத் தட்டினார். "தோ பார்றா! கார் தானா இஸ்துக்கினு வந்துச்சாம். அப்ப நீங்க ரெண்டு பேரும் சும்மா குந்திக்கினு வந்தீங்க? எதுக்காம் வந்துச்சு, நெல்லு தூத்தவா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மகள் இன்னும் சீட்டில்தான் இருந்தாள். அவள் முன்னால் அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"என் தப்புதாங்க. நான்தான் ஓட்டினேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டம் அதன் பிறகு என்னை விட்டுவிட்டு அவளைத் திட்டியது. பொட்டப் புள்ள கையில் காரைக் கொடுத்தால் என்று ஆரம்பித்து, வழக்கமான அத்தனை திட்டும். அவள் தலையை ஆட்டிக்கொண்டே பள்ளத்தில் இறங்கி, அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கி ஏற்றினாள். அந்தப் பெண் அழவில்லை. உடைந்த கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டு நெல்லைத்தான் பார்த்தாள். "மொதல்ல அதக் கூட்டுங்க, கல்லு கலந்துடப் போவுது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கணக்கு டீச்சரம்மா தானே? எம் பெரிய பொண்ணு உங்கக்கிட்டதான் படிச்சா."

காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எங்கள் காரிலேயே போவதென்று முடிவாயிற்று. மகள் காரைச் சுற்றி வந்தாள். சாவியை என்னிடம் நீட்டினாள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணும் கொழுந்தனாரும் பின்னால் ஏறினார்கள்.

அன்றைக்குத்தான் நான் அறுபதைத் தாண்டி ஓட்டினேன். கொஞ்ச தூரத்தில் இன்னொருவர் நெல். ஒதுங்கினேன். என் கைக்குள் ஸ்டியரிங் திரும்பியது. யாரோ எனக்குப் பின்னாலிருந்து கையை நீட்டி, போகாதே என்று பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கூடவே 'பீப், பீப்' என்று கத்தியது. தினமும் காலையில் நான் என் மகள் கையில் கொடுத்து அனுப்பியது இதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கம் அழுத்திப் பிடித்துக் கடந்தேன்.

"இன்னாம்மா அது கத்துது?" என்றார் கொழுந்தனார் பின்னாலிருந்து. குரலில் இப்போது கேலி இல்லை, பயம்.

மகள் என் முழங்கைக்குக் கீழே கையை விட்டு, பொத்தானைத் தேடி அழுத்திப் பிடித்தாள். விளக்கு அணைந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. இனிமே கத்தாது."

மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். "கட்டு பிரிக்கற வரைக்கும் எங்க வூட்டுக்காரரு சோறு ஆக்கட்டும். நல்லா கத்துக்கட்டும்" என்று அந்தப் பெண்தான் எங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். அவர்களை ஊரில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது சேதி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கையை நீட்டினார். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கார் ஓட்டின வரைக்கும் போதும். நாளைல இருந்து கம்பெனி பஸ்."

மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் உடனே சொன்னேன். அந்த மட்டில் அதை மறைக்கவில்லை.

"நான்தாங்க போட்டேன். அவ அணைச்சு வச்சிருந்தா. நான் அவளுக்குத் தெரியாம போட்டுட்டேன்."

"எதப் போட்ட?"

பொத்தான், கேமரா, கோடு என்று விளக்கினேன். கரும்பலகை இருந்தால் படம் போட்டே காட்டியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எந்த பட்டன் இருந்தா இன்னா? ஸ்டியரிங்கு யார் கையில இருந்துச்சு? பெத்தவ நீ அப்படித்தான் சொல்லுவ."

அவர் மட்டும் இல்லை, யாருமே நம்பவில்லை. ஒரு மூட்டை அரிசியோடு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனோம். அங்கேயும் சொன்னேன். "விடுங்க டீச்சரம்மா. பொண்ணு மேல பழி வராம தாங்கறீங்க. நானா இருந்தாலும் அதான் சொல்லுவேன்" என்று கட்டுப் போடாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கூலில் சொன்னேன். என்ன இருந்தாலும் அம்மா அம்மாதான் என்றார்கள். சொல்லச் சொல்ல என்னை நல்ல அம்மா என்றார்கள். என் மகளை வண்டி ஓட்டத் தெரியாதவள் என்றார்கள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

மகள் இருட்டோடு எழுந்து மெயின் ரோட்டுக்குப் போனாள். அவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கிவிடுவாள் போல, கன்னத்தில் ஜன்னல் கம்பியின் தடம் இருக்கும். என்னிடம் பேசாமல் இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்பாள், துணி காயவில்லை என்பாள். பச்சை விளக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஒரகடத்துலயே நாலு பொண்ணுங்க சேர்ந்து ரூம் எடுத்துருக்காங்க. நானும் போயிடறேன்" என்றாள்.

"காருக்காகவா?" என்று கேட்டேன்.

"காருக்காக இல்லம்மா. எனக்கு ஓட்டத் தெரியும். இந்த வூட்ல யாருக்கும் அது தெரியல."

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. தூங்கினேன். ஆனால் காலையில் எழுந்ததும் ஒன்று புரிந்தது. அவருக்கு என் வார்த்தை போதாது, கை வேண்டும். என் கைக்குத் தெரிந்தது அவர் கைக்கும் தெரிய வேண்டும். இதை நான் முதல் நாளே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று மகள் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். அவள் பஸ்ஸில் போன அந்த நாட்களில் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய வண்டி, பழகிய டிரைவர், கூட நாற்பது பேர். அவள் பழி சுமந்துகொண்டு போகிறாள் என்று தெரிந்தும், பத்திரமாகப் போகிறாள் என்று சாயங்காலம் வரைக்கும் கடிகாரத்தைப் பார்க்காமல் பாடம் நடத்தினேன். காரில் அந்தப் பொத்தானை அழுத்தியதைவிட இதுதான் எனக்கு அதிகம் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவரை எழுப்பி, அதே ரோட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் கார் ஓட்டுவார், ஆனால் டிராக்டர்தான் அவருக்கு வண்டி. நெல் எல்லாம் அள்ளியாகிவிட்டது. ரோடு காலியாக இருந்தது. நான் பொத்தானை அழுத்தி விளக்கைக் காட்டினேன். அவரை ஓட்டச் சொன்னேன்.

"அறுபது போங்க. முன்னாடி நெல்லு கெடக்குதுன்னு நெனச்சுக்கினு ஒதுங்குங்க."

"காலியா கீற ரோட்டுல எதுக்கு ஒதுங்கணும்?"

"ஒதுங்குங்களேன்."

ஒதுங்கினார். கோட்டைத் தொட்டதும் அவர் தோள் இரண்டும் மேலே ஏறின. "அடச்சீ, உடு!" என்றார் ஸ்டியரிங்கிடம். காட்டு மாட்டை அடக்குகிறவர் மாதிரி பிடித்து நேராக்கினார். ஓரமாக நிறுத்தினார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இண்டிகேட்டர் போட்டா இழுக்காதாம்" என்றேன்.

அதையும் சோதித்துப் பார்த்தார். வலது இண்டிகேட்டரைப் போட்டு ஒதுங்கினார். இழுக்கவில்லை. பின்னால் பைக்கில் வந்தவன் நின்று, வலது பக்கம் இருந்த வயலைப் பார்த்து, எங்களைப் பார்த்தான். "இன்னாண்ணே, கயனிக்குள்ள உடப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. காரை அணைத்துவிட்டு, இறங்கி அந்தக் கோட்டைப் பார்த்தார். செங்கல் வைத்திருந்த இடத்தில் வெள்ளையில் அங்கங்கே சிவப்புத் தடம் இருந்தது.

"இத அவளுக்குத் தெரியாமப் போட்டியா நீ?"

"சொன்னேனே."

"சொன்ன. நான்தான் கேக்கல" என்றார். பிறகு, "இருந்தாலும் ஏன்டி?" என்றார்.

அவருக்கும் பதில் தெரிந்துதான் இருக்கும். அவரும் பெற்றவர்தானே.

வீட்டுக்கு வந்ததும் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மகளிடம் நீட்டினார். "நானும் ஓட்டிப் பாத்தேம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் சாவியை வாங்கிக்கொள்ளாமல் அவரையே பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள். ரூம் பேச்சு அதன் பிறகு வரவில்லை. அவளே எடுக்காதபோது நானும் எடுக்கவில்லை.

மாவுக்கட்டு பிரிக்கிற நாளில் அந்தப் பெண்ணை அழைத்துப்போவது நாங்கள் என்று முன்பே பேசியிருந்தோம். மகள் ஓட்டினாள். அந்தப் பெண் பின் சீட்டு வேண்டாம் என்றுவிட்டாள். "நான் முன்னாடி குந்திக்கறேன். அன்னிக்கிக் கத்திச்சே, அந்த சாமான் எதுன்னு பாக்கணும்." நான் பின்னால் உட்கார்ந்தேன். மகள் அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். "இது எதுக்கு இஸ்துது, பாப்பா?" "நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்குதுக்கா." "அய்ய! முயிச்சிக்கினு கீறவளப் போயா? சொல்லக் கூடாது நீ?" இருவரும் சிரித்தார்கள். மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த அந்தப் பெண்ணின் விரல்கள் வெளுத்து மெலிந்திருந்தன. என் வலது கால் தரையை அழுத்தியது. அங்கிருந்து எனக்கு எந்த விளக்கும் தெரியவில்லை.

இப்போது மகள் பழையபடி காரில்தான் வேலைக்குப் போகிறாள். காரைத் தெருப் பக்கம் திருப்பி நிறுத்தும் வேலை இன்னும் என்னுடையதுதான். அவள் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. பொத்தான் இருக்கும் பக்கம் நான் கையைக் கொண்டுபோவதே இல்லை. அவள் வருகிறாள், பையைப் பக்கத்து சீட்டில் வைக்கிறாள், பெல்ட் போடுகிறாள், கண்ணாடியைச் சரிசெய்கிறாள். பிறகு குனிந்து அந்த விளக்கு இருக்கும் இடத்தைப் பார்க்கிறாள். ஒவ்வொரு நாளும் பார்க்கிறாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

நான் தொடவில்லை என்று சொல்ல வாய் வரும். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாத்துப் போம்மா" என்கிறேன். "சரிம்மா" என்கிறாள். பார்த்து முடித்த பிறகுதான் வண்டியை எடுக்கிறாள்.